பாயை விரித்துப் பிள்ளையை விடுங்கள்

பக்கத்து வீட்டு மாமி எங்கள் படலையைத் திறந்து உள்ளே வந்தால் முதலில் செய்கிற வேலை, விறாந்தையில் பாயில் கிடக்கிற என் மகளைத் தூக்கி இடுப்பில் வைப்பதுதான். "பச்சைப் பிள்ளையை ஏனடி பிள்ளை இப்பிடி நிலத்தில போட்டிருக்கிறாய்?" என்று கேட்பார். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். அவள் அழவில்லை, சிணுங்கவும் இல்லை, தன் காலைத் தானே பிடிக்கப் பார்த்து, பிடிபடாமல், திரும்பத் திரும்ப எட்டிக்கொண்டு கிடந்தாள். மாமி அன்பில்தான் தூக்கினார், ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றுபோனது.

மாமியின் கேள்விக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பிறகு இதே கேள்வியைக் கிளினிக்கில் ஊசிக்குக் காத்திருக்கிற புதுத் தாய்மாரும் கேட்டார்கள், என் தங்கையும் மல்லாவியில் இருந்து தொலைபேசியில் கேட்டாள், அதனால் ஆறுதலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

விசயம் பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளை விழித்திருக்கிற, பசியில்லாத, நல்ல மனநிலையில் இருக்கிற நேரத்தில், ஏணைக்குள்ளோ கதிரைக்குள்ளோ எங்கள் கைக்குள்ளோ அடக்கி வைக்காமல், சுத்தமான உறுதியான தரையில் விட்டு, அது தன் உடம்பைத் தன் போக்கில் அசைக்க இடம் கொடுப்பது. நாங்கள் பக்கத்தில் இருப்போம், பார்த்துக்கொண்டிருப்போம், கதைப்போம். ஆனால் பிள்ளைக்காக நாங்கள் அசைய மாட்டோம். அவ்வளவுதான்.

ஏன் நிலம் வேண்டும் என்பதை ஒரு பிள்ளை உடம்பு பிரட்டுவதை முழுதாக ஒரு தடவை பார்த்தால் விளங்கும். நாங்கள் சொல்லும்போது "பிள்ளை நேற்று உடம்பு பிரட்டிட்டுது" என்று ஒரே நாளில் நடந்ததுபோலச் சொல்லுவோம். உண்மையில் அது வாரக்கணக்காக நடக்கிற வேலை. முதலில் பக்கத்தில் கிடக்கிற ஏதோ ஒன்றைத் தலையைத் திருப்பிப் பார்க்கும். பிறகு அந்தப் பக்கமாக ஒரு கை நெஞ்சைக் கடந்து போகும். பிறகொரு நாள் காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடும், இடுப்பு கொஞ்சம் சரியும், அந்தரத்தில் நிற்பதுபோல ஒரு கணம் நின்றுவிட்டு பொத்தென்று மல்லாந்து விழும். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ணவே முடியாது. கடைசியில் பிரண்டு கவிழ்ந்தபிறகு, அடியில் போன கை நெஞ்சுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும், எடுக்கத் தெரியாமல் முனகும். இந்த இடத்தில்தான் நாங்கள் எல்லாரும் ஓடிப்போய் அந்தக் கையை இழுத்து விடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். முனகல் அழுகையாக மாறினால் கட்டாயம் உதவி செய்யுங்கள், அதில் கேள்வியே இல்லை. ஆனால் முனகிக்கொண்டே ஒரு பக்கத்துக்குப் பாரத்தைச் சரித்து, மற்றத் தோளை உயர்த்தி, கையைத் தானே உருவி எடுக்கிற பிள்ளை, பின்னாளில் தவழும்போது கையை மாற்றி மாற்றி வைப்பதற்கு வேண்டிய வித்தையை அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

மெத்தையில் இது நடக்காது. முழங்கையை ஊன்றினால் மெத்தை அதை விழுங்கிவிடும், உந்தி எழும்புவதற்கு எதிரே ஒன்றும் இருக்காது. ஏணைக்குள் உடம்பு வில்லுப்போல வளைந்து கிடக்கும், சீலையைத் தவிரப் பார்க்கவும் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் ஏணை கட்டினோம், அம்மா பாட்டுப் பாடி ஆட்டினால் எந்த அழுகையும் அடங்கும், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விழித்திருக்கிற பிள்ளைக்கு அது இடமில்லை. நித்திரைக்குக்கூட மட்டமான உறுதியான படுக்கைதான் பாதுகாப்பு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இந்தச் சிந்தனையை ஒரு முறையாக வளர்த்தவர் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர், 1902இல் பிறந்தவர், ஹங்கேரி நாட்டில் வேலை செய்தவர். முதலில் தன் சொந்தப் பிள்ளையை யாரும் இருத்தாமல், நிறுத்தாமல், நடத்தாமல் வளர்த்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து, பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைந்து கிடந்த புடாபெஸ்ட் நகரத்தில், 1946இல் லோட்சி என்ற தெருவில் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கி, அங்கே வளர்ந்த பிள்ளைகளையும் அப்படியே விட்டு, ஒவ்வொருவரும் எப்படி அசைகிறார்கள் என்பதைப் பல வருடங்கள் குறித்து வைத்தார். அவர் சொன்னதன் சாரம் இது: பிள்ளை தானாகப் போய்ச் சேர முடியாத ஒரு நிலையில் பிள்ளையைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். தானாக எழும்பி இருக்கத் தெரியாத பிள்ளையை இருத்தாதீர்கள், தானாக நிற்கத் தெரியாததை நிறுத்தாதீர்கள். போர் முடிந்த ஊரில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் இதைப் பொறுமையாகப் பார்த்து எழுதினார் என்பது, வன்னியில் இருந்து வாசிக்கிற எனக்குச் சும்மா ஒரு தகவலாகப் படவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் இன்றைய மருத்துவ ஆலோசனை பிக்லரில் இருந்து விலகி நிற்கிறது. அவர் பிள்ளையை மல்லாக்காகத்தான் படுக்க வைக்கச் சொன்னார், கவிழ்வது பிள்ளை தானே பிரளும்போது வரட்டும் என்றார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலோ, இன்னும் நகரத் தொடங்காத பிள்ளையை விழித்திருக்கும்போது நாள் முழுவதிலும் பிரித்துப் பிரித்துக் குறைந்தது 30 நிமிடம் கவிழ்த்துப் படுக்க விடச் சொல்கிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நித்திரையில் குழந்தைகள் திடீரென்று இறப்பதைக் குறைக்க, 1990களில் இருந்து பல நாடுகளில் எல்லாப் பிள்ளைகளையும் மல்லாக்காகவே நித்திரையாக்கச் சொன்னார்கள், அதனால் இறப்புகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் இரவும் பகலும் மல்லாக்காகவே கிடந்த பிள்ளைகளுக்குப் பின்தலை தட்டையாவதும், கழுத்தும் தோளும் பலப்படப் பிந்துவதும் தெரிந்தது. ஆகவே நித்திரை என்றால் மல்லாக்காக, விழிப்பு என்றால் கொஞ்சம் கவிழ்ந்தும் என்று ஆனது. இந்த இரண்டையும் மாறி விளங்கிக்கொள்ளக்கூடாது, கவிழ்ந்து கிடக்கிற பிள்ளை அப்படியே கண்ணயர்ந்தால் உடனே மல்லாக்காகத் திருப்பிவிடுங்கள்.

நான் இரண்டையும் சேர்த்துத்தான் செய்தேன். பெரும்பாலும் மல்லாக்காக விட்டேன். நாளுக்கு நாலைந்து தடவை, உடுப்பு மாற்றின கையோடு, பால் குடித்து அரை மணித்தியாலம் போன பிறகு, ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் கவிழ்த்தேன். முதல் மாதத்தில் தரையில் கவிழ்த்தால் மூக்கைப் பாயில் தேய்த்துக்கொண்டு கத்தினாள், அப்போது நான் சாய்ந்து படுத்து என் நெஞ்சில் கவிழ்த்தேன், என் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினாள், அதுவும் கணக்குத்தான். மூன்று மாதமளவில் முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கினாள். அதற்குப்பிறகு நேரத்தை நான் பார்க்கவே இல்லை.

பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஒன்று வருகிறதே, ஐந்தாம் மாதத்துப் பிள்ளை இரண்டு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மற்றக் காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடுகிற பருவம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது வெறும் பருவங்களின் பட்டியல், பரீட்சைக்குப் பாடமாக்கினேன். மகள் அதே மாதிரி ஒரு காலை மடக்கி ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றுதான், எழுதிய புலவர்கள் பிள்ளையை நிலத்தில் விட்டுப் பார்த்தவர்கள் என்பது உறைத்தது. தூக்கியே வைத்திருந்தால் செங்கீரை ஆட எங்கே போவது?

சரி, இருத்துகிற விசயத்துக்கு வருவோம். நாலு மாதத்துப் பிள்ளையைச் சுற்றித் தலையணை அணைகொடுத்து இருத்திப் படம் எடுப்பது எங்கள் ஊரில் ஒரு சந்தோசம். படத்துக்கு ஒரு நிமிடம் என்றால் ஒன்றும் ஆகாது. அப்படியே அரை மணித்தியாலம் விட்டால்தான் பிழை. அந்தப் பிள்ளையால் முன்னுக்கும் போக முடியாது, பக்கத்துக்கும் போக முடியாது, இருந்த இடத்தில் இருந்து இறங்கவும் தெரியாது, ஒரு பொருள் உருண்டு போனால் அதைப் பார்த்து அழத்தான் முடியும். தானாக இருக்கப் பழகிய பிள்ளை வேறுமாதிரி. அது பக்கவாட்டில் சரிந்து, கையை ஊன்றி எழும்பும், வந்த வழி தெரிந்ததால் திரும்பிப் போகவும் தெரியும், விழுந்தாலும் கையை முன்னுக்கு வைத்து விழும். ஆறு மாதத்தில் சோறு தீத்தும்போது மட்டும் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும், அதற்கு உங்கள் மடியும் நெஞ்சும் போதும்.

"எங்கட பிள்ளை இன்னும் இருக்கேல்லை, அவையின்ர பிள்ளை இருக்குது" என்ற கவலை எல்லாத் தாய்மாருக்கும் வரும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். பிடிமானம் இல்லாமல் இருப்பது நாலு மாதத்துக்குக் கிட்டவும் வரலாம், ஒன்பது மாதம் தாண்டியும் வரலாம். தனியாக நடப்பது எட்டு மாதத்தில் தொடங்கி பதினேழரை மாதம் வரைக்கும் நீள்கிறது. அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாலு பேரளவில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, அரக்கியோ நேரே எழும்பியோ போய்விட்டார்கள். இவ்வளவு அகலமான பாதையில் முந்தியது பிந்தியது என்று அயலோடு போட்டி போட என்ன இருக்கிறது?

வோக்கர் பற்றி எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. மூத்தவனுக்கு ஏழு மாதத்தில் ஒன்று வாங்கினோம், சில்லுப் பூட்டிய வட்டக் கதிரை, முன்னால் பாட்டுப் பெட்டி. அவனும் கால் நுனியால் உந்தி வீடு முழுக்கச் சுற்றினான், நாங்களும் நடக்கப் பழகுகிறான் என்று நம்பினோம். எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு, விறாந்தையில் இருந்து முற்றத்துக்கு மூன்று படி. ஒரு நாள் நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வோக்கரோடு படியால் போய்விட்டான். நெற்றியில் மூன்று தையல். நான் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன், ஆனால் சில்லின் வேகத்துக்கு என் கால் போதவில்லை. கனடா 2004இலேயே இந்த வோக்கரை விற்பதைத் தடை செய்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அது நடையைக் கெதியாக்குவதும் இல்லை, பிந்தவும் வைக்கலாம் என்கிறார்கள். தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிற பிள்ளைக்குத் தன் பாரத்தைத் தன் காலில் தாங்கிச் சரிந்து நிமிர்கிற பழக்கம் எங்கே வரும்? மரத்தில் செய்கிற எங்கள் நடைவண்டி வேறு, அது தானாக எழும்பி நிற்கிற பிள்ளை பிடித்துத் தள்ளிப் போவதற்கு, படி இல்லாத இடமாகப் பார்த்துக் கொடுக்கலாம்.

மாமிக்கும் என் அம்மாவுக்கும் நிலம் என்றால் ஏன் இவ்வளவு பயம் என்று யோசித்திருக்கிறேன். அம்மா என் தம்பியின் மகளை 2009இன் தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், விசுவமடுவில் இருந்து மாத்தளன் வரைக்கும் மார்போடு அணைத்துக் கொண்டுபோனவர். தறப்பாளுக்குக் கீழே, மணலில், எறும்பும் புழுதியும் மழைவெள்ளமுமாக இருந்த காலத்தில் பிள்ளையைக் கீழே விடுவது என்ற கதையே இல்லை, கையில் இருந்தால்தான் பிள்ளை உயிரோடு இருக்கும். அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கிறது. அதனால் "உங்களுக்குத் தெரியாது அம்மா" என்று வெடுக்கென்று சொல்லாதீர்கள். பாய்க்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு தலையணை போட்டு இருக்கச் சொல்லுங்கள், காவலுக்கு ஆள் வேண்டும்தானே.

காவல் உண்மையாகவே வேண்டும், ஏனென்றால் எங்கள் தரை புத்தகத்தில் வருகிற தரை இல்லை. காட்டோரக் காணி என்றால் தேள் வரும், மட்டத்தேள் வரும், மாரியில் பாம்பும் வரும். ஒவ்வொரு முறையும் பாயை உதறி, மறுபக்கத்தையும் பார்த்து விரியுங்கள். சுருட்டிச் சுவர் மூலையில் சாத்தி வைத்த பாய்க்குள்தான் தேள் போய் இருக்கும், ஆகவே கொடியில் போட்டு வைத்தால் நல்லது. விறாந்தையில் கோழி ஏறுகிற வீடென்றால் பிள்ளைக்கு உள் அறையில் ஒரு மூலையை ஒதுக்கிக் காலையில் கழுவித் துடையுங்கள், பிள்ளை நக்கிப் பார்க்காத தரை இருக்காது. சீமெந்துத் தரையில் பனையோலைப் பாய், அதற்கு மேல் மடித்த பருத்திச் சீலை அல்லது பழைய போர்வை, அது போதும். புதுப் பாயின் ஓரம் கையைக் கீறும், சீலையை ஓரம் தாண்டி விரியுங்கள். சாணகம் மெழுகிய தரையும் பாய் விரித்தால் நல்ல தரைதான். ஆவணி வெயிலில் தகரக் கூரை வீடு மத்தியானம் அடுப்புப்போல இருக்கும், அப்போது வற்புறுத்த வேண்டாம். விடிய ஏழு மணிக்கும், வெயில் தாழ்ந்து காற்று வருகிற பின்னேரத்திலும் விட்டால் பிள்ளை தானே உற்சாகமாக இருக்கும். கையில்லாச் சட்டையும் ஒரு துணித் துண்டும் போதும், காலுக்குக் காலுறை வேண்டாம், வெறுங்கால்தான் நிலத்தைப் பிடித்து உந்தும்.

நகரத் தொடங்கிவிட்டால் கதை மாறும், நேற்று எட்டாதது இன்றைக்கு எட்டும். ஒரு தரம் நீங்களே பாயில் கவிழ்ந்து படுத்து, பிள்ளையின் கண் மட்டத்தில் இருந்து வீட்டைப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே போன பட்டன், சில்லறைக் காசு, நிலக்கடலை, மண்ணெண்ணெய்ப் போத்தல், தொங்குகிற சார்ஜர் வயர், எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். விளையாட்டுச் சாமானில் இருக்கிற வட்டமான சின்ன பற்றரி மிகவும் பொல்லாதது, விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டைக் குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தண்ணீர் வாளியைத் தரையில் திறந்து வைக்காதீர்கள், சில அங்குலத் தண்ணீரும் பிள்ளைக்கு ஆபத்து. கட்டில்லாத கிணறு உள்ள வளவு என்றால், பிள்ளை தவழ முன்னமே வாசலுக்குக் குறுக்காக ஒரு தட்டி அடித்துவிடுங்கள்.

விளையாட்டுச் சாமான் தேடிக் கிளிநொச்சி ரவுணுக்குப் போகத் தேவையில்லை. தேய்த்து மழுக்கிய சிரட்டை, மர அகப்பை, எவர்சில்வர் மூடி, முடிச்சுப் போட்ட நிறத் துணி, அவ்வளவும் அடுப்படியில் இருக்கிறது. கையில் திணிக்காமல், எட்டும் எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று சாமானுக்கு மேல் வேண்டாம். பிள்ளை எட்டிக்கொண்டிருக்கும்போது நாங்கள் பெரிதாகக் கைதட்டிக் கூப்பிடவும் தேவையில்லை, திரும்பி உங்களைப் பார்த்தால் சிரியுங்கள், பேர் சொல்லுங்கள். கைத்தொலைபேசியைக் காட்டிப் பிள்ளையை ஒரு இடத்தில் வைத்திருப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு வயதுக்குள் திரையே தேவையில்லை என்று அந்த 2019 வழிகாட்டலும் சொல்கிறது. கதிரையிலோ தூக்கிக் கட்டியோ அசையாமல் ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம் என்று அதிலேயே இருக்கிறது.

தூக்குவதற்கு நான் எதிரி இல்லை. அழுகிற பிள்ளையைத் தூக்குங்கள், பசித்தால், பயந்தால், சும்மா ஆசையாக இருந்தாலும் தூக்குங்கள். தூக்கும்போது இரண்டு கைகளையும் பிடித்து நேரே இழுக்காமல், ஒரு பக்கமாகச் சரித்துத் தூக்குங்கள், அது பிள்ளைக்குத் தான் எழும்புகிற வழியையும் காட்டும்.

சில விசயங்களில் மட்டும் காத்திருக்கக்கூடாது. நாலு மாதமாகியும் தலை நிற்காமல் இருப்பது, உடம்பு துவண்டோ விறைத்தோ இருப்பது, எப்போதும் ஒரே கையை மட்டும் பாவிப்பது, ஒன்பது மாதம் முடிந்தும் துணையில்லாமல் இருக்காதது, பதினெட்டு மாதத்திலும் நடக்காதது, செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விடுவது. இதில் ஏதாவது இருந்தால், அடுத்த ஊசி வரைக்கும் பொறுக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த நாளில் இருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய நாளில் இருந்து மாதத்தை எண்ண வேண்டும்.

மகளுக்கு இப்போது ஒன்பது மாதம். போன கிழமை மாமி படலையைத் திறந்து வந்தபோது அவள் விறாந்தைத் தூணைப் பிடித்து எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள், முழங்கால் ஆடியது, மாமியின் கை வழக்கம்போல நீண்டது. பாய்க்குப் பக்கத்தில் இருந்த அம்மா, "விடுங்கோ, அவ தானே எழும்புவா" என்றார்.